கப்பலின் மேல்தளத்தில் கனரக இயந்திரங்களைத் தூக்குவதும் கட்டுவதும்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் பிறந்த இளைஞர்களில் பலர் இன்று தோட்டத்தில் வேலை செய்வதில்லை. கிள்ளான் துறைமுகத்திலும், பூலாவ் இண்டாவிலுள்ள மேற்குத் துறைமுகத்திலும், கெமாமானிலிருந்தும் லாபுவானிலிருந்தும் கடலிலுள்ள எண்ணெய் மேடைகளுக்குப் பொருள் கொண்டு செல்லும் கப்பல்களிலும் அவர்களைப் பார்க்கலாம். நானும் அவ்வாறு போனவன். கேரித் தீவில் ஒரு செம்பனை ஆலையின் பட்டறையில் செயின் பிளாக் எனும் பளுதூக்கும் சங்கிலிக் கருவியை இழுக்கக் கற்றுக்கொண்டு, பழக்குலைக் கூண்டுகளைத் தூக்கும் கிரேனுக்குக் கீழே சில ஆண்டுகள் நின்றுவிட்டு, பிறகு கப்பல் வேலைக்குச் சென்றேன். அங்கு போன முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்தது. ஆலையில் கற்ற தூக்கும் முறைகள் அனைத்தும் கப்பலிலும் பயன்படும். ஆனால் ஆலையில் கற்ற நம்பிக்கை அங்கே பயன்படாது. ஆலையின் தரை அசையாதது. அங்கே ஓர் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கப்பலில் கீழே வைத்த பிறகுதான் வேலையின் மிக ஆபத்தான பகுதி தொடங்குகிறது.

தொங்கும் சுமையைக் கண்டால் அனுபவமில்லாதவனும் ஒதுங்கி நிற்பான். முறையாகக் கட்டப்பட்ட சுமை அசையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில், கிரேன் கொக்கியின் பிடியும் இல்லாமல் சங்கிலியின் பிடியும் இல்லாமல் தளத்தின்மேல் சும்மா நிற்கும் சுமைதான் ஆட்களை நசுக்குகிறது. நான் வேலை செய்த ஒரு கப்பலில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், காற்றழுத்த இயந்திரம் ஒன்றை இரும்புத் தளத்தின்மேல் நேராக இறக்கி வைத்தோம். அடியில் பலகை போடவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டுச் சங்கிலி எடுக்கத் திரும்பிய நேரத்தில் கப்பல் திசை மாறியது. இயந்திரம் சத்தமே இல்லாமல் வழுக்கிச் சென்று, ஓரத்தில் நின்றிருந்த என் நண்பரின் கணுக்காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அவர் அதன்பின் கப்பலுக்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள ஒரு பொருள் இரண்டு மீட்டர் நகர்ந்ததற்கு யாருடைய வலிமையும் தேவைப்படவில்லை; ஈரமான இரும்பும் சிறிய சாய்வும் போதுமானவையாக இருந்தன. கீழே நான் எழுதுபவை அனைத்தும் அந்த இடைவெளியை எப்படி ஒழிப்பது என்பதைப் பற்றியவை.

எடை, சாய்வு, கோணம்

தூக்குவதற்கு முன் எடையை ஊகிக்கக் கூடாது. இயந்திரத்தின் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் எடை பெரும்பாலும் காலியாக இருக்கும்போது உள்ள எடை. அதன் தொட்டியில் 1,000 லிட்டர் டீசல் இருந்தால் ஏறத்தாழ 850 கிலோ கூடிவிடும். குளிர்விக்கும் நீர், மசகெண்ணெய், அடிச்சட்டத்தில் தேங்கிய மழைநீர், உள்ளே யாரோ வைத்து மறந்த உதிரிப் பாகங்கள் ஆகியவையும் கணக்கில் வர வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி முழுதும் நிரம்பிய தொட்டியைவிடத் தொல்லையானது. சுமை சிறிது சாய்ந்தாலும் திரவம் அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை மேலும் பெரிதாக்கும். முடியுமானால் தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தூக்குவதே நல்லது.

எடைக்கு அடுத்தது ஈர்ப்பு மையம். மின்னாக்கி இயந்திரங்களில் ஒரு முனையில் எஞ்சின் இருக்கும், மறுமுனையில் ஆல்டர்னேட்டர் இருக்கும். அவற்றின் எடை சமமாக இருப்பதில்லை. கிரேனின் கொக்கி ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே நிற்காவிட்டால், தூக்கிய நொடியிலேயே சுமை ஊசலாகி, கொக்கிக்கு நேர்கீழாக மையம் வந்து சேரும் வரை ஆடும். அந்த ஊசலுக்குள் எவரேனும் நின்றால் தப்பிக்க நேரம் இருக்காது.

சுமையைக் கொக்கியில் மாட்டும் வடம் அல்லது பட்டைதான் ஸ்லிங். அதன் கோணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுமை கட்டித் தூக்கும் நல்ல ரிக்கர்கள்கூட இடநெருக்கடியில் விட்டுக்கொடுப்பது இதைத்தான். 12 டன் எடையுள்ள மின்னாக்கி ஒன்றை, கொக்கியிலிருந்து பிரிந்து இறங்கும் இரண்டு கால்கள் கொண்ட ஸ்லிங்கினால் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். கால்கள் இரண்டும் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் 6 டன் தாங்கும். கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 7 டன் இழுவிசை வரும். 45 பாகையில் ஏறத்தாழ 8.5 டன், 30 பாகையில் ஒவ்வொரு காலும் முழு 12 டன்னையும் தாங்க வேண்டியிருக்கும். நீளமான ஸ்லிங் கிடைக்கவில்லை என்று குட்டையான ஒன்றைப் போட்டு இழுத்தால், அதே இயந்திரத்தின் எடையை நாமே ஒவ்வொரு காலிலும் இருமடங்காக்கிவிடுகிறோம். 60 பாகைக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம். 45 பாகைக்குக் கீழே எக்காரணத்தைக் கொண்டும் இறங்க மாட்டேன். நான்கு கால்கள் கொண்ட ஸ்லிங் என்றாலும், விறைப்பான சட்டத்தைத் தூக்கும்போது எடை நான்கிலும் சமமாகப் பிரிவதில்லை. ஆகையால் இரண்டு கால்களே முழு எடையையும் தாங்குவதாகக் கணக்கிட வேண்டும்.

கருவிகளைச் சோதிக்கும்போது கண்ணோடு கையும் வேலை செய்ய வேண்டும். கம்பி வடத்தில், ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி வடத்தை ஒரு முறை முழுதும் சுற்றிவரும் நீளத்துக்குள், அங்கங்கே 10 கம்பிகள் அறுந்திருந்தாலோ ஒரே புரியில் 5 கம்பிகள் அறுந்திருந்தாலோ, அந்த வடத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பது தூக்குவடங்களுக்குப் பரவலாகக் கையாளப்படும் அளவு. நசுங்கியது, முறுக்கிக் கொண்டது, உள்ளே துருவேறியது ஆகியவற்றுக்கு எண்ணிக்கையே தேவையில்லை. துணிப்பட்டை ஸ்லிங்குகளுக்கு ஐரோப்பியத் தரத்தில் நிறக்குறி உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10 டன்னும் அதற்கு மேலும். நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடாமல் பட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். சீட்டு கிழிந்து போயிருந்தால் அந்தப் பட்டை வேலைக்கு உதவாது. ஊசியால் மூடும் இரும்பு வளையமான ஷேக்கலைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் தாங்கும் அளவு 90 பாகையில் பாதியாகக் குறைகிறது. ஷேக்கலின் ஊசி அதிர்வில் தானாகக் கழன்று வரக்கூடியது. அதை முழுதும் திருகிய பின் மெல்லிய கம்பியால் கட்டிவைக்க வேண்டும்.

கிரேனைப் பொறுத்தவரை, அதன் சான்றிதழை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. கப்பலின் கிரேன்கள் 12 மாதங்களுக்கு ஒரு முறை முழுமையாகப் பரிசோதிக்கப்படுவதும், 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பளு ஏற்றிச் சோதிக்கப்படுவதும் நெடுங்கால நடைமுறை. சோலாஸ் எனப்படும் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், கப்பலிலுள்ள தூக்கும் சாதனங்களுக்கென்றே தனி விதி 2026 ஜனவரி 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கிரேனில் எழுதியிருக்கும் பாதுகாப்பான தூக்கு அளவு, கை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். அருகில் 25 டன் தூக்கும் கிரேன் நீட்டிய நிலையில் அதில் பாதியைக்கூடத் தூக்காமல் போகலாம்.

வைக்கப் போகும் இடம்

இடத்தைத் தயார் செய்யாமல் சுமையைத் தூக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சுமை காற்றில் தொங்கும்போது பலகை தேடி ஓடுகிறவர்களைப் பல கப்பல்களில் பார்த்திருக்கிறேன். அந்த அவசரத்தில்தான் பலகை இல்லாமலே இறக்கிவிடுகிறார்கள்.

மேல்தளம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எத்தனை டன் தாங்கும் என்பது கப்பலின் ஆவணங்களில் இருக்கும். முதன்மை அதிகாரியிடம் கேட்டால் தெரியும். நம்முடைய 12 டன் மின்னாக்கியின் அடிச்சட்டம் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டதாக இருந்து, அந்தப் பரப்பு முழுதும் தளத்தில் பதிந்தால், சதுர மீட்டருக்கு 2 டன் மட்டுமே வரும். அதே இயந்திரம் 20 சென்டிமீட்டர் சதுரமான நான்கு கால்களில் நின்றால், தொடும் பரப்பு 0.16 சதுர மீட்டராகச் சுருங்கி, அழுத்தம் சதுர மீட்டருக்கு 75 டன்னாக ஏறிவிடும். மழைக்காலத்துத் தோட்டச் சாலையில் லோரிச் சக்கரம் புதையும்போது பலகை கொடுத்து எடை பரப்பிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். இங்கும் அதுவே வழி. கனமான மரக்கட்டைகளைத் தளத்துக்கு அடியிலுள்ள வலுச்சட்டங்களுக்குக் குறுக்காகப் போட்டால், எடை பல சட்டங்களுக்குப் பகிர்ந்து போகும். சட்டங்களுக்கு இணையாக, அவற்றுக்கு நடுவே போட்டால் வெறும் தகடு மட்டும் எடையைத் தாங்கும்.

மரம் போடுவதற்கு இன்னும் பெரிய காரணம் உராய்வு. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 1991இல் ஏற்றுக்கொண்ட சரக்குக் கட்டுமுறை விதித்தொகுப்பின் கணக்கில், உலர்ந்த இரும்பின்மேல் இரும்புக்கு உராய்வு அளவு 0.1. ஈரமான இரும்பின்மேல் இரும்புக்குச் சுழியம். இரும்புக்கும் மரத்துக்கும், அல்லது இரும்புக்கும் ரப்பருக்கும் இடையில் 0.3. மரத்தோடு மரம் 0.4. சுழியம் என்பதைப் படிப்பவர்கள் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மழையோ கடல்நீரோ பட்ட இரும்புத் தளத்தின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்தால், அதைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை என்று கணக்குப் போடச் சொல்கிறது அந்த விதித்தொகுப்பு. அன்று என் நண்பரின் கால்மேல் ஏறிய இயந்திரத்துக்கு அடியில் இருந்தது அந்தச் சுழியம்தான். பால்மரம் சீவிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஒரு ரப்பர் விரிப்பு ஓர் உயிரைக் காக்கும் என்பதை நம்மைவிட வேறு யார் எளிதாக நம்ப முடியும்?

தளத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் துடைக்க வேண்டும். சங்கிலி, அதைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள், ஷேக்கல் ஆகிய அனைத்தும் கட்டப்போகும் வளையங்களுக்கு அருகில், எண்ணிக்கை சரிபார்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தூக்கும் வேளை

சைகை காட்டுபவர் ஒருவர் மட்டுமே. அவரையோ அவருடைய குரலையோ கிரேன் ஓட்டுநர் இழந்தால் உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை மட்டும் தளத்திலுள்ள அனைவருக்கும் உண்டு. நேற்றுச் சேர்ந்த பையன் கையை உயர்த்தினாலும் ஓட்டுநர் நிறுத்தத்தான் வேண்டும். துறைமுகக் கரையில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளிக்கு, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகும் உரிமையை அளித்திருக்கிறது.

சுமையை முதலில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கி நிறுத்த வேண்டும். சாய்கிறதா, ஸ்லிங் நழுவுகிறதா, கிரேனின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் இறக்கி மறுபடியும் கட்ட வேண்டும். சுமையைத் திருப்புவதற்கு அதில் கட்டும் டேக்லைன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இடுப்பில் கட்டிக்கொள்வது அதைவிடக் கேடு. கையால் சுமையைத் தள்ளிச் சரிசெய்ய எண்ணும் ஆசையையும் அடக்க வேண்டும். சுமைக்கும் சுவருக்கும் நடுவே, சுமைக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவே நிற்பவர் எவராயினும் அவரை அழைத்து வெளியே நிறுத்திய பிறகே இறக்கத் தொடங்க வேண்டும்.

மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் விடியற்பொழுதில், நாம் சுமத்ரா என்று அழைக்கும் சூறைக்காற்று மேற்கிலிருந்து கருமேக வரிசையாக வரும். அது வருவதற்குச் சற்று முன் காற்று அடங்கி இதமாக இருக்கும். அந்த அமைதியை நம்பிப் புதிய சுமையைத் தூக்கத் தொடங்க வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை கிழக்குக் கரையில், வடகிழக்குப் பருவக்காற்றில், அலைகளே வேலையை முடிவு செய்யும்.

கொக்கியைக் கழற்றும் நேரம்

இந்தப் பகுதிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும்போதும், கப்பலின் சொந்தக் கிரேன் தூக்கும்போதும், சுமை பலகைமேல் அமர்ந்தவுடன் ஸ்லிங்கைச் சற்றே தளர்த்தி, கொக்கியை அதிலேயே விட்டுவைக்க வேண்டும். இரண்டு பக்கங்களிலும், முன்னும் பின்னும், குறைந்தது ஒவ்வொரு சங்கிலியாவது போட்டு இறுக்கிய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். கிரேன் ஓட்டுநருக்கு அடுத்த சுமை காத்திருக்கும், மேலிருந்து அவசரப்படுத்துவார்கள். அந்த ஐந்து நிமிடங்களைக் கேட்டு வாங்குவது, மேல்தள ஆட்களின் தலைவரான போசனின் கடமை.

எண்ணெய் மேடையின் கிரேன், கீழே அலைகளில் ஏறி இறங்கும் கப்பலின்மேல் சுமையை இறக்கும்போது நிலைமை தலைகீழானது. அங்கே கொக்கியை மாட்டியே வைத்திருந்தால், கப்பல் அலையில் இறங்கும் நொடியில் சுமை வெடுக்கென்று மேலே பறிக்கப்படும். ஸ்லிங் அறுந்துபோகலாம், சுமை ஆட்களின்மேல் சாயலாம். ஆகவே அங்கே கொக்கியை உடனே கழற்ற வேண்டும். அப்படியானால் இடைப்பட்ட நேரத்தில் சுமையைப் பிடித்திருப்பது எது? முன்கூட்டியே பொருத்தி வைத்த தடுப்புக் கட்டைகளும், பக்கச் சட்டங்களும், இரண்டு பக்கங்களில் இறுக்கமாக நிற்கும் மற்றச் சரக்குகளும்தான் பிடித்திருக்க வேண்டும். திறந்த தளத்தின் நடுவில் தனியாக ஒரு சுமையை இறக்கும்படி மேடையிலிருந்து சொன்னால், இடம் தயாராகவில்லை என்று வானொலியில் மறுத்துச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். இவ்விரு முறைகளையும் குழப்பிக்கொண்டதால் அடிபட்டவர்களை நான் அறிவேன். எந்த முறையில் இறக்குகிறோம் என்பதை வேலைக்கு முந்திய கூட்டத்தில் எல்லாருக்கும் புரியும் மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும். தளத்தில் தமிழர், மலாய்க்காரர், இந்தோனேசியர், பிலிப்பினோ என்று பலரும் இருக்கும்போது, சைகையை ஒரு முறை எல்லாரும் செய்து காட்டுவது வீண் வேலையன்று.

எத்தனை சங்கிலி போதும்

கப்பல் 30 பாகை உருண்டால், ஈர்ப்பு விசை மட்டுமே சுமையின் எடையில் சரிபாதியைப் பக்கவாட்டில் இழுக்கும். உருளும் வேகத்தால் எழும் விசை அதன்மேல் கூடும். ஆகையால் விதித்தொகுப்பு ஓர் எளிய கணக்கைத் தருகிறது. ஒரு பக்கத்திலுள்ள கட்டுகளின் தாங்கும் அளவுகளைக் கூட்டினால், அது சுமையின் முழு எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். மறுபக்கத்துக்கும் தனியாக அவ்வளவு வேண்டும். தாங்கும் அளவு என்பது அறும் அளவு அன்று. எம்எஸ்எல் எனப்படும் அந்த அளவு, சங்கிலி, ஷேக்கல், டர்ன்பக்கிள், துணிப்பட்டை ஆகியவற்றுக்கு அறும் அளவில் 50 விழுக்காடு. மீண்டும் மீண்டும் பயன்படும் கம்பி வடத்துக்கு 30 விழுக்காடும், நார்க்கயிற்றுக்கு 33 விழுக்காடும் மட்டுமே.

நம் 12 டன் மின்னாக்கிக்கு, 10 டன்னில் அறும் சங்கிலி ஒவ்வொன்றும் 5 டன் தாங்கும் என்று கொண்டால், ஒரு பக்கத்துக்கு மூன்று வேண்டும். அதே 10 டன் அளவுள்ள, மீண்டும் பயன்படும் கம்பி வடமென்றால் 3 டன் வீதம் நான்கு வேண்டும். சங்கிலி வலுவாக இருந்தும் தளத்து வளையம் 3 டன்னே தாங்குமானால், அந்தக் கட்டு முழுவதற்கும் 3 டன் என்றே எழுதிக்கொள்ள வேண்டும். துருவேறிய வளையத்துக்கு அதுவும் இல்லை. முன்பின் அசைவைத் தடுக்கத் தனிக் கட்டுகள் தேவை.

இந்தக் கணக்கில், தளத்திலிருந்து 60 பாகைக்கு மேல் செங்குத்தாக ஏறும் கட்டுகளைச் சேர்க்கக் கூடாது. அவை சுமை கவிழ்வதைத் தடுக்க உதவும், வழுக்குவதைத் தடுக்க உதவா. உயரமான இயந்திரமாக இருந்தால் இரண்டு வகையும் போட வேண்டும். ஒரே திசையில் சங்கிலியையும் துணிப்பட்டையையும் கலந்து கட்டக் கூடாது. பட்டை நீளும், சங்கிலி நீளாது, ஆகையால் எடை முழுதும் சங்கிலிக்கே போய், அது அறுந்த பிறகே பட்டைக்கு வேலை வரும். இயந்திரத்தின் குழாயிலோ கைப்பிடியிலோ கட்டாமல், அதற்கென்று செய்த வளையங்களிலும் அடிச்சட்டத்திலும் மட்டுமே கட்ட வேண்டும். கூர்மையான விளிம்பில் பட்டை உரசும் இடத்துக்கு மெத்தை கொடுக்க வேண்டும்.

தடுப்புக் கட்டைகளைத் தளத்தோடு பற்றவைப்பதாக இருந்தால், தளத்துக்கு நேர் கீழே எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, முறையான அனுமதிச் சீட்டு பெற்று, கீழ்அறையில் தீக்காவலுக்கு ஓர் ஆளை நிறுத்திய பின்பே பற்றவைக்க வேண்டும்.

புறப்பட்ட பின்னும் இறக்கும்போதும்

மரம் அழுந்தும், சங்கிலி தன் இடத்தில் உட்காரும். எனவே புறப்பட்ட சில மணி நேரத்தில் எல்லாக் கட்டுகளும் சற்றுத் தளர்ந்திருக்கும். திறந்த கடலுக்குள் நுழைவதற்கு முன் ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு காவல் நேரத்திலும் பார்த்து இறுக்க வேண்டும். டர்ன்பக்கிள்கள் தானாகத் திரும்பாதபடி கம்பியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கொந்தளிப்பில் ஒரு கட்டு அறுந்துவிட்டதைக் கண்டால், ஓடிச் சென்று பிடிக்காமல், கப்பல் திசையை மாற்றி அலையைக் குறைக்கும்படி கேட்டுவிட்டு, அனுமதி கிடைத்த பிறகே தளத்துக்குப் போக வேண்டும்.

போய்ச் சேர்ந்த துறைமுகத்தில், இறக்கும் கிரேன் வருவதற்குள் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எல்லாச் சங்கிலிகளையும் முன்னதாகவே அவிழ்த்து வைக்கும் பழக்கம் பல கப்பல்களில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கப்பல் கடந்து போனால் எழும் அலையே நம் கப்பலை ஆட்டப் போதும். கொக்கி மாட்டப்பட்டு, ஸ்லிங் நேராகி, சைகை காட்டுபவர் தன் இடத்துக்கு வந்த பிறகே கடைசிச் சங்கிலிகள் அவிழ வேண்டும். அதற்குப் பின் அடிச்சட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, பற்றவைத்த தடுப்புகள் யாவும் வெட்டப்பட்டிருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கச் சொல்ல வேண்டும்.